சுக்காராவின் நோன்பு

ரமலான் 10

ரஜப்புக்கு,

மேலே சலாம் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். மறதி இல்லை. முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். எதை எங்கே எழுத வேண்டும், எதை எப்போது எழுதக்கூடாது என்பது எனக்குத் தெரியும்.

நேற்று என் பிள்ளை நாஜிக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை நடந்தது. இடது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் குறைந்தால் பிழைத்துக்கொள்வான் என்கிறார் டாக்டர். குறைந்தால்.

உங்கள் மிருகக்காட்சிசாலை இயக்குநர் தர்வீஷ் மருத்துவமனைக்கே வந்தார். மாகாண அலுவலகத்திலிருந்து ஒரு குழு ரமலான் இருபத்தைந்தாம் நாள் வருகிறதாம். உன் சிங்கத்தைச் சுடுவதா, விடுவதா என்று அன்றைக்கு முடிவு செய்வார்கள். "மனுஷ ரத்தம் பார்த்த மிருகம்மா அது. குடும்பத்துலேர்ந்து ஒரு மனு இருந்தா எங்களுக்கும் வேலை சுலபம்" என்றார். அவர் நீட்டிய பேனாவில் மை வரவில்லை. என் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது ஒரே ஒரு கேள்வி. சுக்காரா நிற்கும் வெளி முற்றத்துக்கும் உள் அறைக்கும் நடுவில் இருக்கும் அந்த இரும்புக் கதவில் தாழ்ப்பாள் போடாமல் விட்டது யார்? சிங்க வீட்டில் அந்த நேரத்தில் வேலை செய்தவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான். நாஜியைக் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். நீயோ யாரிடமும் எதுவும் சொல்லாமல் இஸ்மாயிலியாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். "என் கண் முன்னால நிக்காதே" என்று மருத்துவமனை வாசலில் நான் சொன்னது உண்மை. பதில் சொல்லாதே என்று நான் சொல்லவில்லை.

இன்னொன்று. நாஜியின் பொருள்களை ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். செருப்பு, கடிகாரம், இடுப்பு வார், ஜெபமணி எல்லாம் இருக்கிறது. ரமலான் பிறை பார்த்த அன்று நான் வாங்கிக் கொடுத்த சின்ன ரேடியோ மட்டும் இல்லை. ரத்தத்தில் கிடப்பவனிடமும் திருடுவதற்கு ஆள் இருக்கிறார்கள் போலிருக்கிறது.

தபாலை நம்பவில்லை. பஸ் ஓட்டுநர் பரக்காத்திடம் இதைத் தருகிறேன். பதிலை அவரிடமே கொடுத்தனுப்பு.

இஹ்ஸான்

•

ரமலான் 12

அன்புள்ள அக்கா,

உன்மேலும் நாஜிமேலும் சாந்தி உண்டாகட்டும். நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

கை போன செய்தியைப் படித்ததும் எழுந்திருக்க முடியவில்லை. நோன்பு திறக்க என் மகள் ஸனா இரண்டு முறை வந்து கூப்பிட்டாள். மூன்றாவது முறை தண்ணீரை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

தாழ்ப்பாள் போடாமல் விட்டது நான். இதை அப்படியே குழுவிடம் கொடு. என் வேலையை எடுக்கட்டும், ஓய்வூதியத்தை எடுக்கட்டும், சிறையில் போடட்டும். மனுவை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்.

சுக்காரா ஒன்பது நாள் குட்டியாக இருந்தபோது அவள் தாய் பால் தரவில்லை. நம் வீட்டு அடுப்படியில் வைத்துத்தான் வளர்த்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்து புட்டிப்பால் கொடுத்தவள் நீ. உன் விரலிலிருந்த சர்க்கரையை அவள் நக்கியதால்தானே இந்தப் பெயரே வைத்தாய்.

அன்றைக்கு நடந்ததை யாரும் உனக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். நாஜி உள் அறையில் இறைச்சி வாளியோடு நின்றான். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து வாளியைப் பிடித்தாள். வாளியின் பிடி அவன் கையில் இருந்தது. நான் ஓடிவந்து இரும்புக் கம்பியால் கம்பிக்கதவை அடித்ததும் விட்டுவிட்டாள். பிறகு வாளியை மூலைக்கு இழுத்துப்போய்த் தின்றாள். அவன் நாலடி தள்ளிக் கிடந்தான். அவனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் போய் இழுத்து வந்தேன். மனுஷனைக் கொல்ல வந்த மிருகம் அப்படி விடுமா? நீயே யோசித்துப் பார்.

ரேடியோவைப் பற்றி எனக்குத் தெரியாது.

கிழட்டுக் கரடிக்குப் பல் இல்லை, ரொட்டியை ஊறவைத்துத் தரச் சொல். நீர்யானையின் முதுகு காயவிடக்கூடாது. நீர்யானையைப் பார்த்துக்கொள்ளும் அப்துல் மவ்லாவுக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் நினைவூட்டாவிட்டால் மறந்துவிடுவான்.

இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறது. நோன்பு திறக்கும் ஊர்ப் பீரங்கி முதலில் வெடிக்கிறது, கெய்ரோ ரேடியோவில் பின்னால்தான் வெடிக்கிறது. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று ஸனாவின் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

தம்பி ரஜப்

•

ரமலான் 15

ரஜப்,

மூன்றாம் வகுப்பில் எனக்கு ஷஅபான் என்று ஒரு மாணவன் இருந்தான். ஒரு நாள் ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடந்தது. யார் உடைத்தது என்று நான் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்து நின்று "நான்தான் டீச்சர்" என்றான். உடைத்தது அவனில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் சிநேகிதன். உண்மையில் தவறு செய்த பிள்ளை முதலில் தரையைப் பார்க்கும், பிறகு ஜன்னலைப் பார்க்கும், பிறகுதான் வாயைத் திறக்கும். உன் கடிதத்தில் ஷஅபானின் வேகம் இருக்கிறது. யாரைக் காப்பாற்றுகிறாய்? நாஜியையா? அவன்தான் போடாமல் விட்டானென்றால் அதைச் சொல்லிவிடு. அவனைத் திட்டுவதற்கு நான் கேட்கவில்லை. என் பிள்ளையின் கை எதற்காகப் போனது என்று தெரியாமல் அவன் பக்கத்தில் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. நேற்று கஞ்சி கொஞ்சம் குடித்தான்.

நான் மிருகக்காட்சிசாலைக்குப் போனேன். மறைக்காமல் சொல்கிறேன், அவளை நேரில் பார்த்து வெறுப்பதற்காகத்தான் போனேன். வாசலை மூடி வைத்திருக்கிறார்கள், காவலாளி என்னைத் தெரிந்தவன் என்பதால் விட்டான். குரங்குகளுக்குக் கடலை போட ஆளில்லை. ஒவ்வொன்றும் கம்பி வழியாகக் கையை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. சுக்காரா முற்றத்தில் அத்திமரத்தடியில் படுத்திருந்தாள். அன்றிலிருந்து அவளை உள் அறைக்கு விடவில்லையாம். காலையில் சுவருக்கு மேலிருந்து இறைச்சியை எறிகிறார்கள். பாதி அப்படியே கிடந்து ஈ மொய்க்கிறது. சுவர்மேல் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரன் தூங்குகிறான்.

என்னைப் பார்த்ததும் அவள் தலையைத் தூக்கினாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

வரும் வழியில் அப்துல் மவ்லா நீர்யானைக் குளத்தில் பசுந்தழை போட்டுக்கொண்டிருந்தான். அவன் கவலை அவனுக்கு. "டீச்சர், ஒரு மார்க்கச் சந்தேகம். அன்னிக்கு ரெண்டு தரம் வெடிச்சுது. முதல் சத்தம் கொஞ்சம் சின்னதா கேட்டுது. நான் பேரீச்சம்பழத்த வாயில போட்டுட்டேன். அப்புறம்தான் நாஜி அலறுனது. எல்லாரும் ஓடி, தூக்கி, அதுக்கப்புறம் பெரிய பீரங்கி வெடிக்குது. இப்ப என் நோன்பு கூடுமா கூடாதா?"

"ஒரு ஊருக்கு ஒரு பீரங்கிதான்டா. நீர்யானையோட இருந்து இருந்து உனக்குக் காதுல தண்ணி போயிடுச்சு" என்றேன்.

"தண்ணி போனா சத்தம் குறையும் டீச்சர், கூடுமா?" என்றான்.

மனுவை நான் திரும்பப் பெறவில்லை. பத்து நாள் இருக்கிறது. உண்மையை எழுது.

இஹ்ஸான்

•

ரமலான் 17

அன்புள்ள அக்கா, சலாம்.

அப்துல் மவ்லா பேச்சையெல்லாம் ஏன் கேட்கிறாய்? அவனுக்குக் கிழமையே தெரியாது. அவனிடம் இனிமேல் எதுவும் கேட்காதே. நாஜியையும் கேட்காதே, அவன் உடம்பு தேறட்டும். உனக்கு வேண்டியது ஒரு குற்றவாளிதானே? நான் இருக்கிறேன்.

தாழ்ப்பாள் கதை இதுதான். அது துருப்பிடித்து இறுகிப்போன தாழ்ப்பாள். சுத்தியலால் அடித்தால்தான் போகும், சுத்தியலால் அடித்தால்தான் வரும். மாற்றித் தரச் சொல்லிப் பல முறை எழுதிக் கொடுத்தேன், நடக்கவில்லை. சட்டப்படி அவள் முற்றத்துக்குப் போனவுடனே போட வேண்டும். மற்ற மாதங்களில் போடுவோம். ரமலானில் போடுவதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். நம் ஊர்ப் பிள்ளைகள் "சுக்காராவும் நோன்பா?" என்று கேட்கப்போய், நான் பீரங்கி வெடிக்கும்போது அவளுக்குச் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தேன். பத்து வருஷமாகிவிட்டது. அத்திமரத்தடியில் படுத்திருப்பாள், பீரங்கி வெடித்ததும் எழுந்து கதவுக்கு வருவாள். ஒரு நாள்கூட முன்னால் எழுந்ததில்லை. அதனால் நாங்கள் உள் அறையைக் கழுவி, இறைச்சியை வைத்து, வெளியே வந்து, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். வெடித்ததும் சுத்தியல் தேடாமல் கதவை இழுப்போம். அவ்வளவுதான்.

"பீரங்கி வரைக்கும் பயமில்ல மருமவனே" என்று நாஜிக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த வாய்தான். இரும்பை நம்பாமல் அவள் வழக்கத்தை நம்பினேன். இது என் குற்றம், வேறு யாருடையதும் இல்லை. இதற்குமேல் தோண்டாதே அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தர்வீஷிடம் மனுவை மட்டும் திரும்பக் கேள். அவளுக்குப் பதினொரு வயது ஆகிறது. இன்னும் நாலைந்து வருஷம் இருந்தால் அதிகம்.

ரஜப்

•

ரமலான் 20

ரஜப்,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மாணவர் கணக்கில் விடை சரியாக இருந்து நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருந்தால் நான் மதிப்பெண் போட மாட்டேன். நீ ஒரு வரியை விட்டிருக்கிறாய்.

பத்து வருஷம் பீரங்கிக்கு முன்னால் எழுந்திராதவள் அன்றைக்கு மட்டும் ஏன் எழுந்தாள்?

அந்தக் கேள்வியோடு நேற்று மாலை அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். கூடையில் ஆரஞ்சு இருந்தது. ஐந்தாம் வகுப்புக்கு விளக்கையும் ஆரஞ்சையும் வைத்துத்தான் நான் பாடம் நடத்துவேன், நீயே ஒரு முறை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாய். ஆரஞ்சைச் சுற்றினால் விளக்கு வெளிச்சம் முதலில் இஸ்மாயிலியாவை விட்டு நகரும், அடுத்து கெய்ரோ, அதற்கு அப்புறம் மேற்கே இருக்கும் நம் ஊர். கெய்ரோவுக்கும் நமக்கும் நாலு நிமிஷம். "அதனால பிள்ளைகளா, ரேடியோவுல கெய்ரோ பீரங்கிய கேட்டுட்டு நீங்க தண்ணி குடிச்சிடக்கூடாது" என்று முப்பத்தெட்டு வருஷமும் சொல்லி முடித்திருக்கிறேன்.

கையிலிருந்த ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டேன்.

மருத்துவமனைக்குப் போனேன். நாஜியிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "அந்த ரேடியோ எங்கே தொங்குச்சு?"

சுவர்ப் பக்கமிருந்து திரும்பினான். பிறகு, "மாமா சொல்லிட்டாரா?" என்றான். "சத்தியம் பண்ணாரே. உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு என் தலையில கைவச்சு சத்தியம் பண்ணாரே."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக உள் அறைக்குக் கொண்டுபோய் ஆணியில் மாட்டியிருந்தானாம். குர்ஆன் கிராஅத் ஓடிக்கொண்டிருந்ததாம். மனம் லயித்துப்போய் நேரத்தை மறந்திருக்கிறான். பிறகு அந்த ரேடியோவில் கெய்ரோ பீரங்கி வெடித்தது. "அவ என்மேல பாயலம்மா. எப்பவும் போல சாப்பிட வந்தா. நான்தான் உள்ள நின்னேன்" என்றான்.

ஆக நான் வாங்கிக் கொடுத்த ரேடியோ. வேலையில் நிற்பவனுக்கு நோன்பு திறக்கும் நேரம் தவறக்கூடாதே என்று வாங்கிக் கொடுத்தேன். அதைச் செய்துவிட்டு அவளைச் சுடச் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

நீயும் அவனும் சேர்ந்து இதை எனக்குத் தெரியாமல் புதைக்கப் பார்த்தீர்கள். எனக்குத் தாங்காது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? என் கணவர் வகுப்பறையில் சரிந்து விழுந்தபோது தாங்கினேன். இதையும் தாங்குவேன். உங்கள் மௌனத்தை வைத்து ஒரு உயிரைக் கொன்ற பிறகு தெரிந்திருந்தால், அதைத்தான் தாங்கியிருக்க மாட்டேன்.

இன்று காலை மனுவைத் திரும்பக் கேட்டேன். தர்வீஷ் உதட்டைப் பிதுக்குகிறார். "மனு போனாலும் குழு வரும்மா. அந்த மிருகம் வெறியில பாயலன்னு அவங்களுக்கு யாரு நிரூபிக்கிறது? நீங்களா?"

ஆமாம், நான்தான். ஐந்து நாள் இருக்கிறது. ரேடியோ உன்னிடம்தான் இருக்கிறது. அனுப்பு.

இஹ்ஸான்

•

ரமலான் 22

அக்கா,

ரேடியோவைப் பரக்காத் அண்ணனிடம் துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். மூலை உடைந்திருக்கிறது, ஆனால் பாடும். அன்று நாஜியைத் தூக்கிக்கொண்டு போனபிறகு திரும்பி வந்து பார்த்தேன். அது சாக்கடையில் கிடந்தும் பேசிக்கொண்டே இருந்தது. நோன்பு திறக்கும் துஆ ஓதிக்கொண்டிருந்தார்கள். மின்கலத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உன் கண்ணில் படக்கூடாதென்று எடுத்து வந்துவிட்டேன்.

இன்னொரு குற்றத்தையும் எழுதிவிடுகிறேன். சிங்க வீட்டில் ரேடியோ கூடாது என்று நான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். "ஏன் மாமா?" என்று கேட்டான். "சொன்னா கேளேன், கேள்வி கேக்காம" என்றேன். நீயாக இருந்தால் ஆரஞ்சை எடுத்திருப்பாய். காரணம் தெரிந்திருந்தால் அவன் கொண்டுவந்திருக்க மாட்டான்.

நீ செய்யப் போவது எனக்குப் புரிகிறது. பயமாகவும் இருக்கிறது. கவனமாகக் கேள்.

முதலில் தாழ்ப்பாளை மாற்றச் சொல். கொல்லன் வராவிட்டால் பழையதையே சுத்தியலால் அடித்து இறக்கச் சொல், பிறகு நீயே கையால் அசைத்துப் பார். இறைச்சியை உள்ளே வைத்து ரேடியோவைத் திருப்பிவிட்டு, அதில் பீரங்கி வெடிப்பதற்கு முன்பே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். சுவர்மேல் இருக்கும் போலீஸ்காரனின் துப்பாக்கியில் குண்டு இருக்கக்கூடாது. அவள் கதவில் மோதும்போது அவன் பயந்து சுட்டுவிடுவான்.

என் உண்மையான பயம் வேறு. பதினாறு நாளாக அவளுக்குக் காலையில் இறைச்சி எறிகிறார்கள். பீரங்கி தினமும் வெடிக்கிறது, கதவு திறப்பதில்லை. வெடித்தால் சாப்பாடு என்பதை அவள் இதற்குள் விட்டிருந்தால்? அவள் எழவில்லை என்றால் குழு உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடும். பிறகு சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு உள்ளே வரத் தடை உத்தரவு. வந்தால் அதையே காரணமாக்கி விசாரணையை மூடிவிடுவார்கள் என்று தர்வீஷ் சொல்லியனுப்பினார். இருபத்தைந்தாம் நாள் நான் இங்கே உட்கார்ந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

ரஜப்

•

ரமலான் 26

ரஜப்,

சலாம். பரக்காத்தை நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

குழுவில் மூன்று பேர். மதியம் வந்து பார்த்துவிட்டு வெயில் சாயும் முன் வீட்டுக்குப் போய்விட நினைத்திருந்தார்கள். நோன்பு திறக்கிற நேரத்தில் எந்த அதிகாரிதான் சிங்கக் கூண்டருகே நிற்பான்? நான் சிங்க வீட்டின் முன்னால் பாய் விரித்து, பேரீச்சம்பழமும் புளி சர்பத்தும் ஃபூல் என்ற மொச்சைக் குழம்பும் வைத்து, "இன்னிக்கு நீங்க என் விருந்தாளி" என்று சொல்லிவிட்டேன். நோன்பாளியின் அழைப்பை மறுக்க அவர்களுக்கு வாய் வரவில்லை.

தலைவர் பருமனான மனிதர். வியர்த்துக்கொண்டே இருந்தார். "அம்மா, சிங்கம் ரேடியோ கேக்குமா? எந்த நிலையம் பிடிக்கும்?" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். "குர்ஆன் நிலையம்தான். உங்களவிட நல்ல பழக்கம்" என்றேன். சிரிப்பு நின்றது.

தாழ்ப்பாள் புதிது. கொல்லனைக் காலையிலேயே கையோடு கூட்டி வந்தேன். நான் இரண்டு முறை அசைத்துப் பார்த்தேன். குண்டை எடுக்கும்வரை போலீஸ்காரனை நான் விடவில்லை. அப்துல் மவ்லா இறைச்சியை வைத்துவிட்டு வந்தான். புது மின்கலம் போட்டு ரேடியோவை அதே ஆணியில் மாட்டினேன். நிலையம் பிடிக்க நேரமாயிற்று. வெளியே வந்து நின்றோம்.

சுக்காரா அத்திமரத்தடியில் கிடந்தாள். விலா எலும்பு தெரிகிறது ரஜப், நீ பார்த்தால் தாங்க மாட்டாய்.

ரேடியோவில் பீரங்கி வெடித்தது.

அவள் அசையவில்லை.

நான் ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு எண்ணும்போது அவள் காது மட்டும் திரும்பியது. ஒன்பதில் அவள் அங்கே இல்லை. எழுந்ததை நான் பார்க்கவில்லை, கதவில் மோதிய சத்தத்தைத்தான் கேட்டேன். இரும்பு முழுவதும் அதிர்ந்தது, மேலிருந்து துரு கொட்டியது. தலைவர் கையில் தயாராக வைத்திருந்த சர்பத் அவர் சட்டையில் இருந்தது. பாதத்தை விளிம்பில் வைத்து, கதவை நீ இழுக்கும் அதே பக்கமாக மூன்று முறை தள்ளினாள். புதுத் தாழ்ப்பாள் பிடித்தது.

அப்புறம் அவள் செய்ததுதான் தீர்ப்பு. உறுமவில்லை. எங்களைப் பார்க்கவில்லை. கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள், மதிய உணவு மணி அடித்தும் கதவு திறக்காத பள்ளிப் பிள்ளையைப் போல.

நாலு நிமிஷம். பாயில் இருந்த பேரீச்சம்பழத்தை ஒருவரும் தொடவில்லை. பிறகு நம் ஊர்ப் பீரங்கி வெடித்தது. நான் அப்துல் மவ்லாவுக்குத் தலையசைத்தேன். எல்லோரும் கம்பிக்கு வெளியே இருப்பதைப் பார்த்துவிட்டு அவன் தாழ்ப்பாளை நீக்கிச் சங்கிலியை இழுத்தான். உள்ளே போய் மூலையில் படுத்துச் சாப்பிட்டாள். பத்தொன்பது நாள் கழித்து ஒரு முழு வேளை.

"பார்த்தீங்களா, ரெண்டு பீரங்கிதான். என் நோன்பு சந்தேகம் தீர்ந்துச்சு. நான் ஒண்ணு திருப்பிப் பிடிக்கணும்" என்றான் அப்துல் மவ்லா, யாரும் கேட்காமலே.

சுட வேண்டாம் என்று எழுதினார்கள். ஆனால் படிவத்தில் 'விபத்துக்குப் பொறுப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விடக்கூடாதாம். தலைவர் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வாங்கி நானே நிரப்பினேன். ரேடியோ கொடுத்தவர் இஹ்ஸான். தாழ்ப்பாளை விட்டவர், விதிக்குக் காரணம் சொல்லாதவர் ரஜப். விதியை மீறியவர் நாஜி. "இத்தனை பேரு எழுத இடமில்லம்மா" என்றார். சின்ன எழுத்தில் எழுதிக்காட்டினேன்.

உனக்கு ஒரு படி இறக்கம். வேலை போகவில்லை. பெருநாள் விடுமுறை முடிந்துதான் உள்ளே வரலாம்.

இஹ்ஸான்

•

ரமலான் 28

அன்புள்ள அக்கா, சலாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய்த் தெருவில் நின்றேன். இருபத்தைந்தாம் நாள் ஊர்ப் பீரங்கி வெடித்தும் நான் தண்ணீர் குடிக்கவில்லை. கெய்ரோ ரேடியோவும் முடிந்து, அதன்பிறகு நாலு நிமிஷம் எண்ணி, நம் ஊரில் வெடித்திருக்கும் என்று தெரிந்த பிறகுதான் குடித்தேன். ஸனா என்னைப் பார்த்து அழுதுவிட்டாள்.

இப்போது ஒரு அவசரம். பெருநாளன்று பீரங்கி கிடையாது. அவளுக்கு அது தெரியாது. அந்த மாலை சாப்பாடு வைத்துக் கதவைத் திறந்தாலும் உள்ளே வர மாட்டாள், சத்தத்துக்குக் காத்திருந்து முற்றத்திலேயே கிடப்பாள். ஒவ்வொரு வருஷமும் பெருநாள் மாலை நான் சுவருக்குப் பின்னாலிருக்கும் காலி எண்ணெய்ப் பீப்பாயை மண்வெட்டிக் காம்பால் ஒரே ஒரு தடவை அடிப்பேன். மறுநாள் கொஞ்சம் மெதுவாக. அதற்கு மறுநாள் இன்னும் மெதுவாக. ஏழாம் நாள் அடிக்காமலே வருவாள்.

ஒரே ஒரு தடவை, அதுதான் முக்கியம். அப்துல் மவ்லாவிடம் சொன்னால் பெருநாள் சந்தோஷத்தில் கல்யாண மேளம் மாதிரி அடித்துவிடுவான். இப்போது அவள் மெலிந்திருக்கிறாள், ஒரு நாள் பட்டினியும் கூடாது. நான் வர உத்தரவில்லை. எண்ணத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும்.

உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

ரஜப்

•

ஷவ்வால் 2

என் அன்புத் தம்பி ரஜப்புக்கு,

உன்மேலும் ஸனாமேலும் பிள்ளைகள்மேலும் சாந்தியும் இறையருளும் உண்டாகட்டும். பெருநாள் வாழ்த்து.

நேற்று காலை நாஜியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு கையால் பெருநாள் பிஸ்கட் கஹ்க் தின்று சட்டையெல்லாம் மாவாக்கிக்கொண்டான். மாலையில் நான் செருப்பு மாட்டுவதைப் பார்த்து "எங்கம்மா?" என்றான். சொன்னேன். "நானும் வரேன்" என்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வண்டி வைத்துக் கூட்டிப்போனேன்.

கம்பிக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தான். கதவைப் பார்த்ததும் இல்லாத கையைத் தூக்கி எதையோ தடுக்கப் போனான், பிறகு இறக்கிக்கொண்டான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அப்துல் மவ்லா இறைச்சியை வைத்துவிட்டு வந்தான். நான் சுவருக்குப் பின்னால் போகத் திரும்பியபோது நாஜி கூப்பிட்டான்.

"அம்மா. தாழ்ப்பாள்."

போட்டுத்தான் இருந்தது. இருந்தாலும் திரும்பி வந்து அவன் கண் முன்னால் அசைத்துக் காட்டினேன். மூச்சு விட்டான்.

சூரியன் முனிசிபல் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கியது. பெருநாள் சட்டையோடு தெருவில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அத்திமரத்தடியில் காதைத் தூக்கிப் படுத்திருந்தாள், நேரம் தெரிந்திருக்கிறது, சத்தம்தான் வரவில்லை. மண்வெட்டிக் காம்பு நான் நினைத்ததைவிடக் கனம். இரண்டு கையாலும் தூக்கி, பீப்பாயை ஒரே ஒரு தடவை அடித்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. பிறகு சங்கிலி ஓடியது. பிறகு நாஜியின் குரல் கேட்டது, நீ அவளிடம் பேசும் அதே தொனியில், மெதுவாக: "வா தாயி, வா. சாப்பிடு."

இன்று கொஞ்சம் மெதுவாக அடிக்க வேண்டும். எவ்வளவு மெதுவாக என்று நீ எழுதவில்லை. என் தோள்பட்டை இப்போதே வலிக்கிறது, ஏழாம் நாள்வரை தாங்காது. விடுமுறை முடிந்த அன்று முதல் பஸ்ஸில் வா. பரக்காத்திடம் உனக்கு முன் இருக்கை சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
இஹ்ஸான்